பழைய பாட்டைப் போடுவது இயலாமையா?

'96' படம் வந்த மறுவருடம், 2019-ல், ஒரு பேட்டியில் இளையராஜாவிடம் அந்தப் படத்தில் அவருடைய பாட்டுகள் பயன்படுத்தப்பட்டதைப் பற்றிக் கேட்டார்கள். பதில் சூடாக வந்தது. எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ நடக்கிற கதை என்றால் அந்தக் காலத்துப் பாணியில் புதிதாக ஒரு பாட்டைப் போட வேண்டியதுதானே, அதற்குத் திராணியில்லாமல்தானே பழைய பாட்டை எடுக்கிறார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். சொன்ன விதம் பலருக்குக் கசந்தது. கருத்தை மட்டும் அவரைத் திட்டியவர்களும் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள். இன்று ஒரு பீரியட் படத்திலோ ஓடிடி தொடரிலோ பழைய பாட்டு ஒன்று ஒலித்தால், விமர்சனம் எழுதுகிறவரும் டீக்கடையில் பேசுகிறவரும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்கிறார்கள்: சொந்தச் சரக்கு இல்லை, ராஜா பாட்டைப் போட்டு ஒப்பேற்றிவிட்டார்கள்.

இந்தத் தீர்ப்பு தவறு. எவ்வளவு பெரிய இசைமேதை சொல்லியிருந்தாலும் தவறுதான்.

அவர் கோபப்பட்ட படத்திலிருந்தே தொடங்கலாம். '96'-ல் பள்ளிக்கூடத்து ராம், ஜானுவிடம் எப்போதும் ஒரே ஒரு பாட்டைத்தான் பாடச் சொல்லிக் கேட்கிறான்: 'தளபதி'யின் 'யமுனை ஆற்றிலே'. அவள் வேண்டுமென்றே அதைத் தவிர மற்றதையெல்லாம் பாடுகிறாள். இருபத்திரண்டு வருடம் கழித்து, மின்சாரம் போன ஒரு வீட்டில், பக்கவாத்தியம் எதுவுமில்லாமல் அதைப் பாடுகிறாள். அந்த இடத்தில் படத்தின் இசையமைப்பாளர் கோவிந்த் வசந்தா புதிதாக ஒரு மெட்டு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ராம் காத்திருப்பது படத்துக்குள் எழுதி வைத்த செய்தியாக மட்டும் நின்றிருக்கும். 1991-லிருந்து அந்தப் பாட்டைத் தலைக்குள் வைத்திருக்கும் பார்வையாளரால் அவனோடு சேர்ந்து காத்திருக்க முடிந்திருக்காது. 'காதலே காதலே' பாட்டைப் போட்ட ஒருவருக்கு மெட்டுப் பஞ்சம் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஒரு காட்சிக்குப் புதுப் பாட்டு உதவாது என்பதுதான் விஷயம்.

'சுப்ரமணியபுரம்' இன்னும் தெளிவான சாட்சி. 2008-ல் வந்த, 1980-ன் மதுரையில் நடக்கும் படம். ஜேம்ஸ் வசந்தன் அதில் போட்ட 'கண்கள் இரண்டால்' அசல் எண்பதுகளின் பாட்டு என்றே நம்பும்படி இருந்தது; தமிழ்நாடே அதை முணுமுணுத்தது. அதாவது இளையராஜா சொன்ன வேலையை அவர் செய்து காட்டிவிட்டார். அப்படியிருந்தும் இயக்குநர் சசிகுமார் அதே படத்தில் 'கல்லுக்குள் ஈரம்' படத்தின் 'சிறு பொன்மணி அசையும்' பாட்டையும் வைத்தார். ஒன்று படத்தின் மனநிலையைச் சொல்கிறது. மற்றது அந்தத் தெருவின் காற்றில் என்ன இருந்தது என்று சொல்கிறது. இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் வைத்துப் பார்ப்பதால்தான் 'இயலாமை' என்ற குற்றச்சாட்டே பிறக்கிறது.

திருவொற்றியூரில் 1950-களிலிருந்து என்ஃபீல்டு தொழிற்சாலை புல்லட் செய்தது. 1976-ன் வடசென்னையைப் படமாக்கும் கலை இயக்குநர் அந்தக் காலத்து புல்லட் ஒன்றை எங்கேயோ தேடிப் பிடித்து வாடகைக்கு எடுத்து வருகிறார். 'பழைய வண்டியை எடுத்துவிட்டாயே, அந்தப் பாணியில் புதிதாக ஒரு மோட்டார் சைக்கிளை வடிவமைக்கத் திராணியில்லையா' என்று அவரை யாரும் கேட்பதில்லை. அசலைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்ததற்காகப் பாராட்டுகிறார்கள். அந்த வண்டி 1962-ன் மாடலாக இருந்தாலும் ஆட்சேபம் இல்லை. 1976-ல் தெருவில் ஓடியவை பெரும்பாலும் பழைய வண்டிகள்தானே. கதைக்குள் ஒலிக்கும் பாட்டுக்கும் இதே நியாயம்தான். யாரோ வானொலியைத் திருப்பினார், யாரோ மைக் செட்டில் தட்டைச் சுழலவிட்டார் என்றால், அந்தப் பாட்டு அந்தத் தெருவின் பண்டம்.

இங்கேதான் இன்னொரு கூட்டம் குறுக்கே வருகிறது. பழைய பாட்டைப் போடு, ஆனால் கதை நடக்கும் வருடத்துப் பாட்டைத்தான் போட வேண்டும் என்பவர்கள் இவர்கள். படம் வந்த மறுநாளே வருடக் கணக்கோடு கிளம்பிவிடுகிறார்கள். 1985-ல் நடக்கும் காட்சியில் 1972-ன் பாட்டா, ஆராய்ச்சி போதாது என்கிறார்கள். முதல் கூட்டத்தாரைவிட இவர்கள் கொஞ்சம் உழைப்பாளிகள். ஆனால் இருவரின் பிழையும் ஒன்றே: பாட்டை இசையமைப்பாளர் முடித்த நாளோடு, நிறுவனம் வெளியிட்ட தேதியோடு கட்டிப்போடுகிறார்கள். கேட்டவன் எங்கே போனான்?

கேட்டவனை முன்னால் நிறுத்திப் பார்க்க இங்கிலாந்தின் நார்தர்ன் சோல் என்ற இசை-நடன அலையின் கதையைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது கடினம். விகன் என்பது மான்செஸ்டருக்கு அருகே பருத்தி ஆலையும் நிலக்கரிச் சுரங்கமும் வைத்துப் பிழைத்த ஊர். 1973 செப்டம்பரில் அங்கே விகன் கசினோ என்ற பழைய நடன மண்டபத்தில் இரவு முழுக்க நடனம் தொடங்கியது. நள்ளிரவு தாண்டிக் கதவு திறக்கும். காலை எட்டு மணிவரை ஆட்டம். மதுபானம் கிடையாது. ஆலையிலும் பட்டறையிலும் வாரமெல்லாம் நின்ற பையன்களும் பெண்களும் பஸ் பிடித்து வந்து ஆடினார்கள். எந்தப் பாட்டுக்கு? அந்த வருடத்து ஆங்கிலப் பாட்டுக்கு அல்ல. டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் 1960-களின் நடுவில் கறுப்பினக் கலைஞர்கள் பாடி, அமெரிக்காவிலேயே விலைபோகாமல் கிடங்கில் தூங்கிய இசைத்தட்டுகளுக்கு. தோற்ற தட்டு எவ்வளவு அரியதோ அவ்வளவு மதிப்பு. தட்டின் பெயரைப் போட்டி டிஜே கண்டுபிடித்துவிடக் கூடாது என்று லேபிளை மறைத்து, பொய்ப் பெயர் சொல்லிப் போட்டவர்களும் உண்டு.

ஃபிராங்க் வில்சன் 1965-ல் பாடிய ஒரு தட்டு சரியாக வெளிவரவே இல்லை; விரல்விட்டு எண்ணும் பிரதிகள்தான் மிஞ்சின. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அது விகனின் உயிரானது. 2020-ல் அதன் ஒரு பிரதி ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் விலைபோனது. வெளியீட்டுத் தேதியை வைத்து இந்தப் பாட்டை எந்தக் காலக் கட்டத்தில் சேர்ப்பது? 1965-ன் டெட்ராய்ட்டில் அதை யாரும் கேட்கவில்லை. அது 1970-களின் விகனுக்குச் சொந்தம்.

1975-ன் விகனை ஒரு தொலைக்காட்சித் தொடராக எடுப்பவர் இளையராஜாவின் விதியைப் பின்பற்றினால் 1975-ன் பாணியில் புதுப் பாட்டு போடுவார். வருடக் கணக்கரின் விதியைப் பின்பற்றினால் 1975-ல் வெளியான தட்டைத் தேடுவார். இரண்டுமே பொய்யாக முடியும். அந்த மண்டபத்தில் உண்மையில் ஒலித்தது பத்து வருடம் பழைய, கடல் தாண்டி வந்த, தோற்றுப்போன பாட்டு.

'பாணியில்' போட்டுப் பார்த்த கதையும் அங்கேயே உண்டு. விகன்ஸ் ஓவேஷன் என்று ஊர்ப் பெயரையே வைத்துக்கொண்ட உள்ளூர்க் குழு ஒன்று, அமெரிக்க சோல் பாட்டு ஒன்றைத் தானே பாடி 1975-ல் வெளியிட்டது. தேசியத் தரவரிசையில் அது மேலே ஏறியது. கசினோவில் உண்மையாக ஆடியவர்கள் அதைக் காதில் வாங்கிக்கொள்ள மறுத்தார்கள். வாசிப்பில் குறையில்லை, மெட்டும் அதேதான். ஆனால் அது அவர்கள் ஆடிய தட்டு அல்ல.

பிபிசியின் 'இன்ஸ்பெக்டர் ஜார்ஜ் ஜென்ட்லி' தொடரில் 2012-ல் வந்த ஓர் அத்தியாயம் தலைப்பிலேயே நார்தர்ன் சோலை வைத்துக்கொண்டது. கதை நடப்பதோ 1968-ல். டேவ் கோடின் என்ற தட்டுக்கடைக்காரர் அந்தப் பெயரைப் பத்திரிகைப் பத்தியில் எழுதியது 1970-ல்தான். வருடக் கணக்கர் இங்கே வட்டம் போட்டு ஆனந்தப்படலாம். ஆனால் கோடின் அந்தப் பெயரை ஆகாயத்திலிருந்து பிடிக்கவில்லை. கால்பந்து பார்க்க லண்டன் வரும் வடக்கத்திப் பையன்கள் தன் கடையில் புதுச் சரக்கைத் தொடாமல் வேகமான பழைய தட்டுகளையே கேட்டு வாங்குவதைப் பார்த்துத்தான் வைத்தார். பெயர் அச்சேறும் முன்பே காது இருந்தது. தொடர் எடுத்தவர்கள் காதைப் பின்பற்றினார்கள்.

இதெல்லாம் எங்கோ பனி பெய்யும் ஊரின் கதை என்று தள்ளிவிடத் தேவையில்லை. மூர் மார்க்கெட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்ரயிலில் ஏறினால் தெரியும். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர். தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரைச் சுமக்கும் விம்கோ நகர். அசோக் லேலண்டும் அனல்மின் நிலையமும் இருந்த எண்ணூர். மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை தாண்டிக் கடைசியில் சிப்காட்டின் உருக்கு ஆலைகள். மேற்கே ஆவடியில் டாங்கி தொழிற்சாலை, 1964-ல் பிறந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை, அப்புறம் திருவள்ளூர். இவ்வளவு ஷிப்டும் இவ்வளவு சைரனும் உள்ள ஒரு வட்டாரத்துக்குத் தனிச் செவி இருக்காதா?

அந்தச் செவிக்குப் பாட்டு வெள்ளிக்கிழமை ரிலீஸாக வந்து சேர்ந்ததில்லை. நகரத்துத் தியேட்டரில் ஓடி முடித்து, தேய்ந்த பிரிண்டாக டூரிங் கொட்டகைக்கு வந்த படத்திலிருந்து வந்தது. கல்யாண வீட்டு மைக் செட்காரர் எந்தத் தட்டை வைத்திருந்தாரோ அதிலிருந்து வந்தது. பிறகு ரெக்கார்டிங் சென்டரில் சீட்டு எழுதிக் கொடுத்துப் பதிவு செய்த கேசட்டில் வந்தது. அந்தச் சீட்டில் எம்.ஜி.ஆர். பாட்டுக்கு அடுத்த வரியிலேயே மோகன் பாட்டு இருக்கும், இடையில் இருபது வருடம் காணாமல் போயிருக்கும். எம்.ஜி.ஆரின் 'ஆயிரத்தில் ஒருவன்' 1965-ன் படம். ஃபிராங்க் வில்சனின் தட்டுக்கு அதே வயசு. 2014-ல் அதை மறுபடி திரையிட்டபோது சென்னையில் நூறு நாளைத் தாண்டி ஓடியது. அந்தப் படத்தின் பாட்டுகளை 1965-க்கு மட்டும் உரியவை என்று யார் எழுதித் தருவது?

திருவள்ளூர் மாவட்டத்துப் பெரியபாளையத்துக்கு ஆடி மாதத்தில் போய் நின்றால் இந்த வாதம் முடிந்துவிடும். பவானி அம்மன் கோயிலுக்கு வேப்பிலை கட்டிக்கொண்டு ஜனம் வந்து குவியும் அந்த வாரங்களில், வழியெங்கும் கூம்பு ஸ்பீக்கர்களில் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டுகள்தான். பாடி அரை நூற்றாண்டு ஆகிறது. 1985-ன் ஆடியானாலும் 2010-ன் ஆடியானாலும் அந்தக் குரல் இல்லாமல் அந்தக் காட்சியைப் படமாக்கினால், பெரியபாளையத்துக்காரர் யாரும் அது தன் ஊர் என்று ஒப்ப மாட்டார். 'அந்தப் பாணியில்' ஒரு புது அம்மன் பாட்டைப் போட்டால் ஒப்புவாரா? ஆயுத பூஜையும் இப்படித்தான். மெஷினுக்கு மாலை போட்டு, பொரி கடலை கொடுத்து, பட்டறை வாசலிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் பெட்டி ஸ்பீக்கரைத் தூக்கி வைத்ததும் 'பாட்ஷா'வின் ஆட்டோக்காரன் பாட்டு எங்காவது ஒலித்தே தீரும். 1995-ன் தேவா பாட்டு அது. வருடாவருடம் பூஜைக்குத் திரும்பி வருகிறது.

தோற்ற பாட்டு பின்னால் பிழைத்து எழுவதிலும் தமிழ்நாடு விகனுக்குச் சளைத்ததில்லை. 'தளபதி'யும் 'குணா'வும் 1991 நவம்பர் 5, ஒரே தீபாவளிக்கு வந்தவை. 'தளபதி' ஓடியது, 'குணா' ஓடவில்லை. பதினைந்து வருடம் கழித்து, 2006-ல், கேரளத்து மஞ்சும்மலிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா வந்த பையன்கள் குணா குகையைத் தேடிப் போனார்கள் என்றால், ஓடாத அந்தப் படமும் அதன் 'கண்மணி அன்போடு' பாட்டும் மலையாளத்து இளைஞர்களின் நினைவுக்குள் எப்படியோ போய் உட்கார்ந்திருந்தன என்றுதானே பொருள். 2024-ன் 'மஞ்சும்மல் பாய்ஸ்' அந்தப் பாட்டை எடுத்தபோது யாரும் சோம்பேறித்தனம் என்று வாய் திறக்க முடியவில்லை. அந்த நிகழ்ச்சிக்குள்ளேயே அந்தப் பாட்டு இருந்தது. ஆதித்யனின் 'சக்கு சக்கு வத்திக்குச்சி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1995-ன் 'அசுரன்' படத்துப் பாட்டு. 2022-ல் லோகேஷ் கனகராஜின் 'விக்ரம்' எடுத்துப் போட்ட பிறகு, அந்த அசுரன் எந்த அசுரன் என்று தேடிப் போன தலைமுறை ஒன்று உண்டு. லேபிள் மறைத்த தட்டை முதன்முதலாகக் கேட்ட விகன் பையனின் அதே தேடல்தான். விம்கோ நகரில் இறங்கும் ஒருவருக்கு வத்திக்குச்சிப் பாட்டு கூடுதலாகவே பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொள்வதில் தப்பில்லை.

இந்த வட்டாரத்தின் சொந்தக் கலையான கானாவே எடுத்தாளுவதில் வளர்ந்தது. சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிறவர் சினிமா மெட்டை எடுப்பார், இந்தி மெட்டையும் எடுப்பார். அதன் மேல் செத்தவரின் பேரையும் தெருவையும் ஏற்றுவார். கூடியிருப்பவர்களுக்கு மெட்டு முன்பே தெரியும் என்பதுதான் அவருடைய பலம். அவரைப் பார்த்து, 'புது மெட்டு போடத் தெரியவில்லையா' என்று கேட்பவருக்குக் கானா என்றால் என்னவென்று தெரியாது.

எதிர்த்தரப்பின் கையில் ஒரு நல்ல சீட்டு இருக்கிறது: 'சார்பட்டா பரம்பரை'. 1970-களின் வடசென்னை, அவசரநிலை, 1976 ஜனவரியில் திமுக ஆட்சி கலைப்பு, குத்துச்சண்டை. 2021-ல் பிரைம் வீடியோவில் நேராக வந்து, வீட்டு டிவியில் தமிழ்நாடு பார்த்த பீரியட் படம். பழைய பாட்டுகளின் தோளில் ஏறாமல் சந்தோஷ் நாராயணன் புதிதாகவே இசையமைத்தாரே, நன்றாகத்தானே இருந்தது என்பார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் எதைப் போட்டார் என்று பார்க்க வேண்டும். 'நீயே ஒளி' பாட்டில் கனடாத் தமிழ் ராப்பர் ஷான் வின்சென்ட் டி பாலின் குரல் வருகிறது. 1976-ல் வண்ணாரப்பேட்டையில் ராப் கிடையாது. நியூயார்க்கிலேயே அது அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. ஆக, அந்தப் படத்தின் வெற்றி 'அந்தக் காலப் பாணி' என்ற விதியை மீறியதில் வந்த வெற்றி. இன்றைய இயக்குநர் இன்றைய குரலில் அன்றைய கதையைச் சொல்கிறார், ஒளிவுமறைவில்லை. அதே படம் காட்டுகிற காலத்துத் திமுக மேடையில், பேச்சாளர் வரும்வரை கூட்டத்தைக் கட்டி வைத்தது நாகூர் ஹனிஃபாவின் குரல். கதைக்குள் ஒரு மேடை ஸ்பீக்கர் பாட வேண்டுமென்றால் அந்தக் குரல்தான் வேண்டும். நல்ல பாடகரை வைத்து அது போல் ஒன்றைச் செய்தால் உடன்பிறப்புகளே சிரிப்பார்கள்.

ஆக, அசல் பழையதும் வேலை செய்கிறது, அப்பட்டமான புதியதும் வேலை செய்கிறது. நடுவில் இருக்கும் போலிப் பழசுதான் எப்போதாவது, ஒரு 'கண்கள் இரண்டால்' அளவுக்குக் கைகூடினால் மட்டும், பிழைக்கிறது. 'ஹே ராம்' படத்தில் நாற்பதுகளை உயிர்ப்பித்த இளையராஜாவால் அது முடியும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தன்னால் முடிவதை எல்லோருக்கும் விதியாக்கிவிட்டார் என்பதுதான் குறை.

எல்லாப் பழைய பாட்டும் நியாயமானது என்று இதற்குப் பொருளில்லை. 2025-ன் 'குட் பேட் அக்லி'யில் 'இளமை இதோ இதோ'வும் 'ஒத்த ரூபாயும்' பாட்டும் வருவது தியேட்டரில் விசிலுக்காக. இந்த மாதிரி இடங்களில் இளையராஜாவின் எரிச்சல் முழுக்கப் புரிகிறது. அனுமதி வாங்காமல் எடுத்தால் அவர் நோட்டீஸ் அனுப்புவதும் வழக்குப் போடுவதும் அவர் உரிமை. அந்தப் படத்தின் விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. ஆனால் அது காசும் உரிமையும் பற்றிய வழக்கு. பழைய பாட்டை வைப்பது கலையாகுமா என்ற கேள்விக்கு எந்த நீதிமன்றமும் பதில் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. உரிமைக் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்பதால் புதுப் பாட்டு போடும் தயாரிப்பாளர் அதை அப்படியே சொல்லிவிடலாம். அதற்குப் படைப்பு நேர்மை என்று பூச்சு பூச வேண்டாம்.

இன்னும் இருபது வருடத்தில் யாராவது ஒருவர் 2020-களின் கும்மிடிப்பூண்டியை வைத்து ஒரு தொடர் எடுப்பார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உருக்கு ஆலையில் வேலை பார்க்கும் பையன்கள், ஒரே அறையில் எட்டுப் பேராகத் தங்கி, நைட் ஷிப்ட் முடிந்து சோறு வடிக்கும் காட்சி அதில் கட்டாயம் இருக்கும். 'அந்தக் காலப் பாணி' என்று இசையமைப்பாளர் அனிருத்தைப் போல் ஒன்றைப் போட்டுக் கொடுத்தால் தமிழ்ப் பார்வையாளருக்குச் சரியாகவே படும். அந்த அறையின் போனில் பாடிக்கொண்டிருந்ததோ போஜ்பூரிப் பாட்டு, அதுவும் புதியதல்ல, ஊரை விட்டு வரும்போது மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து அறையில் ஆந்திர எல்லை தாண்டி வந்தவரின் தெலுங்குப் பாட்டு. பெத்திக்குப்பத்து முகாமில், 1990-ல் ஈழத்திலிருந்து வந்து அங்கேயே கிழவரானவர் ஒருவர் இன்னும் கேட்டுக்கொண்டிருப்பது ஏ.ஈ.மனோகரனின் 'சுராங்கனி'யாகவும் இருக்கலாம். அந்த இயக்குநர் இந்தப் பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி, யாருக்கு உரிமை என்று விசாரித்து, பணம் கட்டி வாங்கிவர மாதக்கணக்கில் அலைவார். அதற்குப் பிறகும் விமர்சகர் அவரைச் சோம்பேறி என்றுதான் எழுதப்போகிறார்.